பண்பாடு என்று சொல்லிப் பந்தியைப் பிரிக்கலாமா?



'வேதாகமமும் இன்றைய பண்பாட்டுச் சிந்தனையும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பு அன்று. ஆகையால் அதற்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கங்களை வேதாகமம் எதுவரை மதிக்கிறது? எந்த இடத்தில் 'இதற்கு மேல் இல்லை' என்று கையை நீட்டித் தடுக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட நான் உங்களை மூன்று ஊர்களுக்கு அழைத்துப் போகப் போகிறேன். முதல் ஊர் பழைய சீரியாவின் அந்தியோகியா. மற்ற இரண்டும் நமக்குத் தெரிந்தவை: மதுரை, தஞ்சாவூர்.

அதற்கு முன்பு, பண்பாட்டைப் பற்றி இன்றைய அறிவுலகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1871-இல் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர் ஆதிப் பண்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று மனிதன் சமுதாயத்தில் பிறந்து வளர்ந்து பெறுகிற எல்லாமே பண்பாடு என்றார். நல்ல வரையறை. ஆனால் அவர் உலகத்து மக்களை எல்லாம் ஒரே ஏணியில் நிறுத்தினார். அடிப்படியில் சிலர், நடுப்படியில் சிலர், உச்சிப்படியில் ஐரோப்பியர்! அந்த ஏணியை உடைத்தவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய யூதர். ஒவ்வொரு மக்களின் வாழ்க்கையையும் அவர்களுடைய வரலாற்றை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும், ஒருவருடைய அளவுகோலால் இன்னொருவரை அளக்கக் கூடாது என்று அவரும் அவருடைய மாணவர்களும் எடுத்துச் சொன்னார்கள். இன்று நம் பள்ளிக்கூடப் பாடநூல் வரை வந்து சேர்ந்திருப்பது இந்த எண்ணந்தான்.

இது உயர்ந்த எண்ணம். நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. 1947-இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கம் ஓர் அறிக்கை அனுப்பியது. எல்லாப் பண்பாடுகளுக்கும் பொதுவான அளவுகோல் எப்படி இருக்க முடியும், அது மேற்கத்தியர் மதிப்பீடாகவே முடிந்துவிடாதா என்று அந்த அறிக்கை ஐயுற்றது. எண்ணிப் பாருங்கள். எல்லா வழக்கமும் மதிக்கத்தக்கது என்றால், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைத் தெருவுக்குள் விடாமல் நிறுத்தும் வழக்கம்? அதுவும் மதிக்கத்தக்கதா? அதுவும் பண்பாடு என்று விட்டுவிடுவதா?

நம் அரசியல் சாசனத்தை எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 29-ஆம் பிரிவு, தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பகுதி மக்களுக்கும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. இரண்டும் ஒரே சாசனத்தில் இருக்கின்றன. உன் பண்பாட்டைக் காத்துக்கொள். ஆனால் அதன் பெயரால் ஒரு மனிதனைத் தள்ளிவைக்காதே! அம்பேத்கர் தலைமையில் வரைந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள்.

இப்பொழுது அந்தியோகியாவுக்குப் போவோம்.

இயேசு மறைந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது இது. அந்தியோகியா ரோமப் பேரரசின் மாநகரங்களில் ஒன்று. யூதரும் கிரேக்கரும் சீரியரும் கலந்து வாழ்ந்த ஊர். இயேசுவைப் பின்பற்றியவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று முதன்முதலில் அழைத்ததும் அந்த ஊரில்தான். அங்கே யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இது எத்தனை பெரிய செய்தி என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் சமைத்ததைச் சாப்பிடலாம், எந்தப் பாத்திரம் யாருக்கு என்பதெல்லாம் நம் பாட்டன் பூட்டன் காலத்தில் உயிர் போகிற விஷயங்கள். அன்றைய யூதருக்கும் அப்படித்தான்.

அந்தப் பந்தியில் பேதுருவும் இருந்தார். அவர் ஏற்கெனவே பாடம் கற்றவர். யோப்பா பட்டணத்தில், தோல் பதனிடுகிற சீமோன் என்பவருடைய வீட்டு மேல்மாடியில், பசியோடு ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு தரிசனம் கண்டவர். விலக்கப்பட்ட விலங்குகளும் பறவைகளும் நிறைந்த ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்கியது, சாப்பிடு என்று குரல் வந்தது, அவர் மறுத்தார், மூன்று முறை இது நடந்தது. அதன் பிறகுதான் அவர் செசரியாவுக்குப் போய், கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டுக்குள் கால் வைத்தார். எருசலேமுக்குத் திரும்பியபோது அவரிடம் முதலில் என்ன கேட்டார்கள்? நீர் என்ன போதித்தீர் என்று கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர்களுடைய வீட்டில் நுழைந்து அவர்களோடு சாப்பிட்டீரே என்றுதான் கேட்டார்கள்! அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னவர் பேதுரு.

அப்படிப்பட்ட பேதுரு அந்தியோகியாவில் தடுமாறினார். எருசலேமிலிருந்து, அந்த ஊர்ச் சபைத் தலைவரான யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்லப் பின்வாங்கினார். புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பவுலின் தோழரான பர்னபாவும்கூட விலகினார். அப்பொழுது பவுல் எழுந்தார். தனியாக அழைத்துப் பேசவில்லை. கடிதம் எழுதி அனுப்பவில்லை. எல்லோருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே, பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பேதுரு செய்தது என்ன? யாரையாவது அடித்தாரா? திட்டினாரா? இல்லை. தம் முன்னோருடைய உணவு வழக்கத்தைத் திரும்பக் கைக்கொண்டார், அவ்வளவுதான். இன்றைய பண்பாட்டுச் சிந்தனை அவரை என்ன சொல்லும்? ஒரு சிறுபான்மை மக்கள், ரோமப் பேரரசின் அழுத்தத்துக்கு நடுவே தங்கள் அடையாளத்தைக் காக்கிறார்கள். அதில் என்ன தவறு என்று கேட்கும். நியாயமான கேள்வி. பவுல் யூத வழக்கங்களுக்கு எதிரியாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியில் அவர் தோற்றுப்போயிருப்பார்.

பவுல் எதிரி இல்லை. லீஸ்திரா ஊர்ப்பக்கம் தீமோத்தேயு என்ற இளைஞர். தாய் யூத குலம், தகப்பன் கிரேக்கன். பவுல் அவருக்கு விருத்தசேதனம் பண்ணுவித்துக் கூட்டிப்போனார். தீத்து என்ற இன்னோர் இளைஞர், கிரேக்கர். அவருக்கும் விருத்தசேதனம் பண்ணியே ஆக வேண்டும் என்று எருசலேமில் சிலர் நெருக்கியபோது, பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. ஒரே பவுல்! ஒரே சடங்கு! இரண்டு முடிவுகள்! முரண்பாடா இது? இல்லவே இல்லை. தீமோத்தேயுவுக்கு அது யூதர் வீடுகளுக்குள் போக வழி திறந்தது. தீத்துவுக்கு அது, இப்படிச் செய்தால்தான் நீ எங்களில் ஒருவன் என்று வைக்கிற நிபந்தனை. வழக்கம் கதவைத் திறந்தால் பவுல் அதை ஏற்றுக்கொண்டார். அதே வழக்கம் ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் எதிர்த்து நின்றார். நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

எருசலேமில் கூடிய ஆலோசனைக் கூட்டமும் இதைத்தான் தீர்மானித்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம். ஏறக்குறைய கி.பி. 49. கிரேக்கன் விசுவாசியாக வேண்டுமானால் முதலில் யூதனாக வேண்டுமா? வேண்டியதில்லை! விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம் இவற்றை விலக்குங்கள், அது போதும் என்றார்கள். பல அறிஞர்கள் விளக்குகிறபடி, உணவைப் பற்றிய விதிகளுங்கூட யூதரும் மற்றவரும் சேர்ந்து உண்ண உதவும் ஏற்பாடுகள்தாம். கிரேக்கன் கிரேக்கனாகவே வரலாம். யூதன் யூதனாகவே இருக்கலாம். பந்தி மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உங்களில் பலர் மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கும். வேதாகமமே ஒரு பண்பாட்டில் பிறந்த நூல்தானே? அதிலேயே பிரிவினை இல்லையா? அந்நியப் பெண்களை மணந்தவர்கள் அவர்களைத் தள்ளிவிட வேண்டும் என்று எஸ்றாவின் காலத்தில் முடிவு செய்யவில்லையா? அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நிருபங்களில் எழுதியிருக்கவில்லையா? அமெரிக்கத் தென்மாநிலங்களின் பண்ணை முதலாளிகள் அந்த வசனங்களைக் காட்டித்தானே அடிமை முறையைக் காத்தார்கள்?

ஆம். இருக்கிறது. காட்டினார்கள். நாம் இதை மறைக்கக் கூடாது. மறைத்தால் நம் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். மோவாபியர் கர்த்தருடைய சபைக்குள் வரக் கூடாது என்று உபாகமம் சொல்கிறது. அதே வேதாகமத்தில் ரூத் என்றொரு புத்தகம் இருக்கிறது. கதாநாயகி யார்? ஒரு மோவாபியப் பெண். பெத்லகேமின் வயலில் கதிர் பொறுக்கியவள். தாவீது ராஜாவின் பூட்டி. மத்தேயு தம் சுவிசேஷத்தை வம்ச வரலாற்றோடு தொடங்கும்போது அவள் பெயரை விடாமல் எழுதுகிறார். வேதாகமம் தனக்குள்ளேயே வாதாடுகிற நூல். வேலி போட்ட குரலும் அதில் உண்டு, வேலியைத் தாண்டி வந்தவளைக் கொண்டாடும் குரலும் உண்டு. அந்த வாதம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதுதான் முக்கியம். ரூத், கொர்நேலியு, அந்தியோகியா என்று நகர்ந்து, கடைசிப் புத்தகத்தில் சகல ஜாதிகளும் கோத்திரங்களும் மொழிக்காரரும் ஒன்றாக நிற்கும் கூட்டத்தில் போய் முடிகிறது. அங்கேகூட மொழிகள் அழிந்துபோய் எல்லோரும் ஒரே மொழி பேசவில்லை. அவரவர் மொழியோடுதான் நிற்கிறார்கள்!

இனி மதுரை. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தார். அதுவரை இங்கே கிறிஸ்தவனாவது என்றால் பறங்கியாவது என்று மக்கள் எண்ணினார்கள். நொபிலி காவி உடுத்தினார். புலால் தவிர்த்தார். தமிழும் வடமொழியும் கற்றார். தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதினார். தம்மிடம் வந்தவர்கள் குடுமியும் நூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். ரோமாபுரி வரை வழக்குப் போயிற்று. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். ஐரோப்பியனாகாமலே கிறிஸ்தவனாகலாம் என்று நிலைநாட்டிய நொபிலி, அந்த அளவில், எருசலேம் கூட்டத்தின் பிள்ளை. அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நொபிலி இன்னொன்றும் செய்தார். மதுரையில் ஏற்கெனவே பரதவர் குலத்துக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் குருவாக கொன்சாலோ பெர்னாண்டஸ் இருந்தார். உயர்சாதியார் தம்மை அணுக வேண்டும் என்பதற்காக, நொபிலி அவர்களிடமிருந்து விலகித் தனி இல்லம் அமைத்துக்கொண்டார். தனிக் கோயில் கட்டினார். பின்னாளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வகுப்பே உண்டாயிற்று. காவி உடுத்திய நொபிலி பவுலின் பக்கம் நிற்கிறார். தனி வீடு புகுந்த நொபிலி, அந்தியோகியாவில் பந்தியை விட்டு எழுந்த பேதுருவின் பக்கம் நிற்கிறார். ஒரே மனிதரிடத்தில் இரண்டும் இருந்தன. அவருடைய நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. விளைவைத்தான் நான் பேசுகிறேன்.

யாரையும் வெளியே நிறுத்தாத வழக்கத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே முன்னோர்க்குச் செய்யும் வணக்கத்தை 1742-இல் ரோமாபுரி முடிவாகத் தடை செய்தது. 1939-இல் தடையை நீக்கியது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்! பாட்டனை வணங்குவதா, கிறிஸ்துவை ஏற்பதா என்று எத்தனை குடும்பங்கள் தவித்திருக்கும்!

தஞ்சாவூருக்கு வருவோம். வேதநாயக சாஸ்திரியாரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் உண்டா? 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் சரபோஜியின் நண்பர். குறவஞ்சி என்ற நாட்டு இலக்கிய வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சிங்கன் வர, சிங்கி குறி சொல்லும் அந்த நாடகத்துக்குள் வேதாகமம் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது! வேதாகமமும் ஒரு மண்ணின் கலையும் சந்திப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1820-களில் புதிய மிஷனெரிகள் வந்தார்கள். சாஸ்திரியாருக்கும் அவர்களுக்கும் மோதல் வந்தது. அவர் முன்வைத்த முறையீடுகளைக் கேளுங்கள். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். திருநாள்களில் பூ கூடாது என்கிறார்கள். கோயிலில் தமிழிசைப் பாட்டைத் தடுக்கிறார்கள். அதோடு சேர்த்து, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரக் கட்டாயப்படுத்துகிறார்கள்.

கவனித்தீர்களா? எல்லாம் ஒரே மூச்சில், ஒரே முறையீட்டில் வருகின்றன. அவருக்கு எல்லாமே தமிழ் வழக்கம். டைலரின் வரையறைப்படியும் எல்லாமே பண்பாடு. பூவும் பண்பாடு, பாட்டும் பண்பாடு, தனி வரிசையும் பண்பாடு! அந்த மிஷனெரிகளுக்கோ எல்லாமே களைய வேண்டியவை. இரு தரப்பாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தியோகியாவைப் படித்தவன் பிரித்துப் பார்க்க வேண்டும். பூ யாரை வெளியே நிறுத்தியது? ஒருவரையும் இல்லை. தமிழ்ப் பாட்டு யாரை வெளியே நிறுத்தியது? படிப்பில்லாத மூதாட்டியைக்கூட உள்ளே அல்லவா அழைத்தது! ஆகவே பூவிலும் பாட்டிலும் சாஸ்திரியார் சொன்னது முழுக்கச் சரி. அவற்றைத் தடுத்தவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தைச் சுவிசேஷம் என்று மயங்கினார்கள். தனி வரிசையோ ஒரு சகோதரனை எழுப்பி வேறிடத்தில் உட்காரவைத்தது. அதில் சாஸ்திரியார் சொன்னது தவறு. அவருடைய கீர்த்தனைகளைக் கண்ணீரோடு பாடி வளர்ந்தவன் நான். ஆயினும் இதைச் சொல்லியே தீர வேண்டும். பேதுருவையே முகத்துக்கு நேரே கண்டித்த நூலை அல்லவா நாம் கையில் வைத்திருக்கிறோம்?

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் கொந்தளிப்பு. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது, மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருப்பலி நடக்கும் கோயிலில் ஒன்றாக நிற்பதற்கு ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டியிருந்தது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அளவுகோலைத் தமிழனுக்கும் ஆப்பிரிக்கனுக்கும் மட்டும் வைத்துவிட்டு, மேற்குலகை விட்டுவிடலாமா? லெஸ்லி நியூபிகின் அப்படி விடவில்லை. தென்னிந்தியத் திருச்சபை பிறந்த 1947-இல் மதுரை இராமநாதபுரத்தின் பேராயரானவர் அவர். 1974-இல் இங்கிலாந்து திரும்பினார். தாம் பிறந்த நாடே சுவிசேஷத்தின் கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒரு நாடு என்று கண்டார். அறிவு எல்லோருக்கும் பொது, நம்பிக்கை மட்டும் அவரவர் சொந்த விஷயம் என்று நவீன மேற்குலகம் போட்டுவைத்திருக்கும் கோடும் ஒரு பண்பாட்டின் பழக்கந்தான் என்று 1986-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். பண்பாடு என்பது கிராமத்தானுக்கு மட்டும் உள்ளதன்று. ஆய்வுக்கூடத்தில் இருப்பவனுக்கும் உண்டு. பங்குச் சந்தையில் இருப்பவனுக்கும் உண்டு. அவனுடைய வழக்கம் யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் வேதாகமம் கேட்கும். கொரிந்து சபையில் பணக்காரர் முந்தி வந்து உண்டு வெறித்திருக்க, ஏழை பசியோடு நின்றபோது, அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் எழுதினாரே! அங்கே பிரித்தது குலமன்று, காசு.

அன்பர்களே, 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்று அந்த அறிக்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சீர்திருத்தச் சபைகளில் இருக்கும் நாம் நம்மைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிவாரியாகத்தான் இருக்கிறது. சபைத் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்றுதான் கணக்குப் போடுகிறோம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைப் பற்றி நான் பேசவே தொடங்கவில்லை. கேட்டால், 'இது நம்ம ஊர் வழக்கம், ஐயா' என்கிறோம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கல் வையுங்கள், கோலம் போடுங்கள், பறை கொட்டுங்கள், கீர்த்தனை பாடுங்கள், பூவால் பீடத்தை நிரப்புங்கள். இதில் எதையும் விட்டுவிடச் சொல்ல வேதாகமத்தில் இடமில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்குமானால், அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, அதை இடிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தத் தீர்மானத்தை வழிமொழிய ஓர் ஆள் கிடைக்கவில்லை என்றாலும், அதற்கு அடுத்த கூட்டத்திலும் கொண்டுவாருங்கள்.